பெண்கள் துணிமணி இறக்குமதி: டர்பன் சுங்கத்தில் எந்த எண்ணில் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு நாலைந்து மாதம் இருக்கும்போதே தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கம் துணிக்கடை வைத்திருப்பவர்களும் வீட்டிலிருந்தே புடவை விற்கும் பெண்களும் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் சுங்க எண்ணை, அதாவது சரக்கு எந்த வகை, அதற்கு எவ்வளவு வரி என்று குறிக்கும் எண்ணைப் பற்றிய கேள்விகள் வரும். ஆர்டர் கொடுக்கும் முன்பே இதையெல்லாம் தெரிந்துகொண்டால் பணமும் நிம்மதியும் மிஞ்சும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"எச்.எஸ். கோடு, டாரிஃப் கோடுன்னு ரெண்டு பேர் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?"

கிட்டத்தட்ட ஒன்றுதான். உலகச் சுங்க அமைப்பு 1988 முதல் நடைமுறையில் வைத்திருக்கும் பட்டியல் எச்.எஸ். அதன் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவில் மொத்தம் எட்டு இலக்கம், கூடவே சரிபார்ப்பு இலக்கம் ஒன்று.

வரி விகிதங்கள் 1964-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சுங்கச் சட்டத்தின் முதல் அட்டவணை, முதல் பகுதியில் உள்ளன. தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையான சார்ஸின் இணையதளத்தில் யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். பெண்கள் துணிமணிக்கு முக்கியமாகத் தேவைப்படுபவை 61, 62 ஆகிய இரண்டு அத்தியாயங்கள். தைக்காத துணி என்றால் 50 முதல் 55 வரையும், 58, 60-உம்.

"உடுப்புக்கு 45 சதவீதம் வரின்னு சொல்றாங்க, நிஜமா? மொத்தம் எவ்வளவு ஆகும்?"

நிஜம்தான். இந்தியா, சீனா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வரும் தைத்த ஆடைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுங்க வரி 45 சதவீதம். நெய்த துணிகள் பலவற்றுக்கு 22 சதவீதம். இதற்கு மேல் 15 சதவீதம் வாட் வரி.

கணக்கு இப்படிப் போகும். தென்னாப்பிரிக்கா எஃப்.ஓ.பி. விலையை வைத்து வரி போடுகிறது. அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலை. கடல் கூலி சேராது. அந்த விலை 1,00,000 ராண்ட் என்று வையுங்கள். தைத்த ஆடைக்குச் சுங்க வரி 45,000. வாட் வரிக்கு, விலையோடு 10 சதவீதத்தைக் கூட்டி, சுங்க வரியையும் கூட்ட வேண்டும்: 1,00,000 + 10,000 + 45,000 = 1,55,000. அதில் 15 சதவீதம் 23,250. ஆக மொத்தம் 68,250 ராண்ட். அதே விலைக்கு 22 சதவீதத் துணி என்றால் சுங்க வரி 22,000, வாட் 19,800, மொத்தம் 41,800. இரண்டுக்கும் வித்தியாசம் 26,450 ராண்ட். "இது துணியா, ஆடையா" என்ற கேள்வியில் இத்தனை சண்டை வருவதற்கு இதுதான் காரணம்.

வாட் வரிக்குப் பதிவு செய்த கடைக்காரர் இறக்குமதியில் கட்டிய வாட்டைத் தன் கணக்கில் திரும்பக் கோரலாம். சுங்க வரியை அப்படிக் கோர முடியாது. அது சரக்கின் அடக்க விலையில் சேர்ந்துவிடும்.

"நம்ம ஆளுங்க கட்டுற புடவைக்கும் சுடிதாருக்கும் எதுக்கு இவ்வளவு வரி?"

உள்ளூர்த் தையல் ஆலைகளைக் காப்பாற்றத்தான். இந்த ஆலைகளில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் டர்பனில் நம் குடும்பங்களிலேயே நிறையப் பேர். 1990-களில் சந்தை திறந்த பிறகு ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. 2007, 2008 ஆகிய இரண்டு வருடம் சீனத் துணிமணிக்கு அளவுக் கட்டுப்பாடே இருந்தது. அந்தப் பின்னணியைத் தெரிந்துகொண்டால் சுங்க அதிகாரி ஏன் துணி மூட்டையை அவ்வளவு கவனமாகப் பிரிக்கிறார் என்பது புரியும். வரி சரியா தவறா என்ற வாதம் வேறு. சரக்கு இறக்குகிறவர் அதைக் கட்டத்தான் வேண்டும்.

"ஒரு உடுப்பைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்க்கணும்?"

பின்னலா நெசவா என்று பாருங்கள். பின்னல் என்றால் 61-ஆம் அத்தியாயம், நெசவு என்றால் 62. இதில் தவறினால் பிறகு எல்லாமே தவறு. பிரா, கார்செட் வகைகள் மட்டும் விதிவிலக்கு, பின்னலானாலும் 6212-தான்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துணியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நெசவு என்றால் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி நிற்கும். பின்னல் என்றால் ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கும். இழுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்பான்டெக்ஸ் கலந்த நெசவுத் துணியும் நன்றாக இழுபடும். இறுக்கமான பின்னல் இழுபடாது. முக்கியமாக லெக்கிங்ஸ், பளபளப்பான குர்த்தி, வெல்வெட் ஆகிய மூன்றிலும் கண்ணை மட்டும் நம்பாமல் லென்ஸை நம்புங்கள்.

அடுத்து ஆடையின் வகை, அதற்கடுத்து நார். உதாரணமாக, நெய்த பருத்திப் பாவாடை 6204.52, பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைப் பாவாடை 6204.53. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் பாவாடைக்குத் தனி எண் இல்லை, 6204.59-இல் 'மற்றவை' என்று போகும்.

"லேபிளில் பாதி காட்டன், பாதி பாலியஸ்டர். எதைப் போடுவது?"

பொதுவாக எடையில் எந்த நார் அதிகமோ அதுவே மொத்தத் துணியின் நாராகக் கருதப்படும். சரிபாதியாக இருந்தால், பொருந்தக்கூடிய எண்களில் பட்டியலில் கடைசியாக வருவது எதுவோ அது. பருத்தி 52-ஆம் அத்தியாயம். பாலியஸ்டர், நீளமான தொடரிழை என்றால் 54, துண்டுதுண்டான சிற்றிழை என்றால் 55. ஆகவே 50-50 என்றால் பாலியஸ்டர். "காட்டன் மிக்ஸ்" என்று பில்லில் எழுதியிருப்பதால் அது பருத்தி ஆகிவிடாது.

இன்னொரு இடத்தில் பலர் சறுக்குவார்கள். லேபிளில் 40 சதவீதம் பருத்தி, 35 சதவீதம் பாலியஸ்டர் தொடரிழை, 25 சதவீதம் விஸ்கோஸ் சிற்றிழை என்று இருக்கிறது. தனியாகப் பார்த்தால் பருத்திதான் அதிகம். ஆனால் மற்றொரு அத்தியாயத்தோடு ஒப்பிடும்போது 54-ஐயும் 55-ஐயும் ஒரே அத்தியாயமாகக் கூட்ட வேண்டும் என்பது விதி. 35-உம் 25-உம் சேர்ந்து 60. அப்போது அது 54, 55 வகை, பருத்தி இல்லை.

"ஆர்ட் சில்க், ஜரிகை எல்லாம் பட்டில் சேருமா?"

ஆர்ட் சில்க் பட்டு இல்லை. அது விஸ்கோஸோ பாலியஸ்டரோ, எதுவென்று ஏற்றுமதியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். விஸ்கோஸும் பாலியஸ்டரும் சில இடங்களில் தனித்தனி எண்ணில் நிற்கும். நெய்த கவுனுக்குப் பாலியஸ்டர் 6204.43, விஸ்கோஸ் 6204.44, அசல் பட்டு 6204.49.

ஜரிகையை 5605-இல் வரும் உலோகம் சேர்ந்த நூலாக எடுத்துக்கொள்வார்கள். உள்ளே பட்டு இழையோ பாலியஸ்டரோ, மேலே எது சுற்றியிருந்தாலும், மொத்த எடையையும் ஒரே நாரின் எடையாகக் கணக்கிட வேண்டும். கல்யாணப் புடவையில் பட்டு 60 பங்கு, ஜரிகை 40 பங்கு என்றால் பட்டு. முந்தானையும் கரையும் கனத்து ஜரிகை பாதியைத் தாண்டிவிட்டால் விஷயம் மாறும். துணியாகப் பார்த்தால் அது 5809-க்குப் போய்விடும். கனமான ஜரிகைப் புடவை வாங்குகிறவர்கள் எடை விவரத்தை நெசவாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

"புடவை துணியா, ஆடையா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே!"

இந்தத் தொகுப்பிலேயே கடினமான கேள்வி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இந்தியா தன் சொந்த அட்டவணையில் புடவையைத் துணி அத்தியாயங்களிலேயே வைத்திருக்கிறது. பட்டுப் புடவை அங்கே 5007. ஆகவே காஞ்சிபுரத்திலிருந்தோ சூரத்திலிருந்தோ வரும் பில்லில் துணி எண் இருப்பது இயல்பு. ஆனால் அந்த எண் சார்ஸைக் கட்டுப்படுத்தாது. இங்கே பார்க்கப்படுவது எச்.எஸ். பட்டியலில் துணி, ஆடை அத்தியாயங்கள் அடங்கிய ஜவுளிப் பிரிவின் 7-ஆம் குறிப்பு. எது 'ஆக்கி முடித்த பொருள்' என்று அது வரிசையாகச் சொல்கிறது. நமக்கு வேண்டியவை: சதுரமோ செவ்வகமோ அல்லாத வடிவில் வெட்டியது, தையலோ வேறு வேலையோ தேவைப்படாமல், தறியிலிருந்து இறங்கும்போதே பயன்படுத்தத் தயாராக இருப்பது, ஓரம் மடித்துத் தைத்தது அல்லது முடிச்சுப் போட்ட குஞ்சம் உள்ளது, இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. வெட்டிய ஓரம் பிரிந்துவிடாமல் இருக்க மேலோட்டமாகப் போடும் தையல் மட்டும் இருந்தால் போதாது, அது இன்னும் துணிதான் என்றும் அதே குறிப்பு சொல்கிறது.

இப்போது புடவையின் ஓரத்தைக் கையில் எடுங்கள். கைத்தறியில் ஒரு புடவை முடிந்ததும் நெசவாளர் சில அங்குலம் ஊடை ஓட்டாமல் பாவு நூலை மட்டும் விட்டுவிட்டு அடுத்த புடவையைத் தொடங்குவார். அந்த இடைவெளியில் வெட்டித் தொங்கும் நூலைத் திரித்து முடிச்சுப் போட்டால் அதுதான் குஞ்சம். முடிச்சுப் போட்ட குஞ்சம் வந்துவிட்டால் 7-ஆம் குறிப்பின்படி அது ஆக்கி முடித்த பொருள். ஃபால்ஸ் தைத்து வந்தாலும் அப்படியே. ஆக்கி முடித்த ஆடை என்று ஆனதும் அது துணி அத்தியாயத்தில் நிற்க முடியாது. பெண்களுக்கான மற்ற ஆடைகள் என்ற 6211-க்குக் கொண்டுபோகும் வாதம் அங்கே தொடங்குகிறது. நீண்ட ரோலிலிருந்து வெட்டி, ஓரத்தில் வெறும் பிரியாத் தையல் போட்ட பாலியஸ்டர் துண்டுக்குத் துணி என்ற வாதம் வலுவானது. குஞ்சம் இல்லாமல், ஆனால் கரை, உடல், முந்தானை எல்லாம் ஒரு புடவைக்கென்றே அளந்து நெய்தது நடுவில் நிற்கிறது. "தயாராக இறங்கியது" என்று ஒரு பக்கமும், "ரவிக்கைத் துண்டை வெட்ட வேண்டும், ஓரம் தைக்க வேண்டும், ஆகவே துணிதான்" என்று இன்னொரு பக்கமும் வாதிட இடம் உண்டு.

என் கருத்து உறுதியானது: புடவையை வாய்ப்பேச்சை நம்பி இறக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக இறக்கும் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாதிரியை வைத்து சார்ஸிடம் எழுத்தில் தீர்மானம் வாங்குங்கள். எப்படி என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

"ரவிக்கை, உள்பாவாடை, நைட்டி?"

நெய்த துணியில் தைத்த ரவிக்கை 6206. பட்டு 6206.10, பருத்தி 6206.30, பாலியஸ்டரும் விஸ்கோஸும் 6206.40. புடவைக்குள் கட்டும் நெய்த உள்பாவாடை 6208. இரவு உடுப்பாகத் தைத்த பருத்தி நைட்டி 6208.21. நைட்டி என்று பெயர் வைத்துவிட்டு, வெளியே போட்டுப் போகும் கவுன் மாதிரி வெட்டித் தைத்திருந்தால் அது கவுன். ஆடையின் வெட்டுதான் கணக்கு.

"பஞ்சாபி செட் ஒரே பாக்கெட்டில் வருது. ஒரே எண் போட்டால் போதாதா?"

பல நேரம் போதாது. வெவ்வேறு தலைப்பில் வரும் ஆடைகள் ஒரே பாக்கெட்டில் வந்தாலும் தனித்தனி எண்ணில்தான் போட வேண்டும் என்று ஜவுளிப் பிரிவின் 14-ஆம் குறிப்பு சொல்கிறது. மற்றப் பொருள்களுக்கு இருக்கும் 'செட்' விதி ஆடைக்கு அப்படியே ஓடாது.

ஒரு வழி உண்டு. மேலே ஒரு ஆடை, கீழே ஒரு கால்சட்டையோ பாவாடையோ. இரண்டும் ஒரே துணி, ஒரே நிறம், ஒரே பாணி, ஒரே நார்க் கலவை, பொருந்தும் அளவு. இத்தனையும் இருந்தால் 6204.2 வரிசையில் ஜோடி ஆடையாகப் போடலாம். மேலே பச்சை ஜார்ஜெட், கீழே மஞ்சள் சாட்டின் என்று வந்தால் இந்த வழி அடைபட்டது. மேலாடை தனி, கால்சட்டை தனி. நெய்த துப்பட்டா எப்படியிருந்தாலும் 6214. பாக்கெட்டில் இலவசமாக வைத்த வளையல்கூட 7117 என்று தனி எண்.

லெஹங்காவும் இதே கதைதான். பாவாடை 6204.5 வரிசை, சோளி 6206, துப்பட்டா 6214. பில்லில் ஒவ்வொன்றின் விலையையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிரிக்காத பில் வந்தால் பிரிக்கும் வேலை துறைமுகத்தில் நடக்கும், அதுவரை கிடங்கு வாடகை உங்கள் தலையில்.

"தைக்காத சுடிதார் மெட்டீரியல், பாதி தைத்த லெஹங்கா எல்லாம்?"

செவ்வகமாக வெட்டி மடித்து, எந்த ஓரமும் மடித்துத் தைக்காமல் வந்தால் துணி. கழுத்துப் பகுதியில் எம்பிராய்டரி போட்டிருந்தால் 5810 என்ற எம்பிராய்டரித் தலைப்பு உள்ளே வரும். அங்கே நாரைத் தீர்மானிக்க அடித்துணியை மட்டும் பார்ப்பார்கள். மேலே போட்ட நூலின் எடை சேராது.

பாதி தைத்தது வேறு. ஒரு பக்கத் தையல் மட்டும் பாக்கி, இடுப்பு அளவுக்கு ஏற்ப மூட வேண்டியதுதான் என்றால், முடிக்காத பொருளுக்கும் முடித்த பொருளின் தன்மை வந்துவிட்டது என்று எச்.எஸ். பட்டியலின் பொது விதி 2(அ) சொல்கிறது. அது பாவாடையாகவே போகும். 'செமி ஸ்டிட்ச்டு' என்று எழுதினால் துணி வரியில் தப்பலாம் என்று ஏற்றுமதியாளர் சொன்னால் நம்பாதீர்கள்.

"குர்த்தியை பிளவுஸ்னு போடலாமா, டிரெஸ்ஸுன்னு போடலாமா?"

முழங்கால் வரை வந்து, கீழே வேறு எதுவும் போடாமலே உடுத்தக்கூடிய மாதிரி தைத்திருந்தால் கவுன். இரண்டு பக்கமும் இடுப்பு வரை பிளவு இருந்தால் கீழே ஒன்று போட்டுத்தான் ஆக வேண்டும், ஆகவே மேலாடை.

மேலாடை என்று முடிவானதும் இடுப்புக்குக் கீழே பாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 6206-இல் போட முடியாது; நெய்த குர்த்தி 6211-க்குப் போகும். அடியில் கயிறு கோத்தோ எலாஸ்டிக் வைத்தோ இறுக்கியிருந்தாலும் அப்படித்தான். நெய்த ஆடைகளுக்கு இந்தக் குறிப்பு 2022 பதிப்பில்தான் வந்தது. பழைய பில்லைப் பார்த்து அதே எண்ணை எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். இப்போது குர்த்தியில் பாக்கெட் வைப்பது வழக்கமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சட்டை, சின்னப் பிள்ளைகளின் பட்டுப் பாவாடை?"

முன்பக்கம் மூடும் ஆடையில் இடது பக்கம் வலதின் மேல் வந்தால் ஆண்களுக்கானது, வலது பக்கம் இடதின் மேல் வந்தால் பெண்களுக்கானது. வெட்டைப் பார்த்தாலே யாருக்கென்று தெரிந்தால் இந்த விதி வேண்டியதில்லை. எதை வைத்தும் பிரிக்க முடியாவிட்டால் பெண்கள் ஆடையாகப் போட வேண்டும்.

86 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத குழந்தைக்கான ஆடை தனி: பின்னல் 6111, நெசவு 6209. அதற்கு மேல் வளர்ந்த பெண் பிள்ளையின் பட்டுப் பாவாடை பெரியவர்களின் பாவாடை எண்ணிலேயே போகும்.

"ஏற்றுமதியாளர் பில்லில் ஒரு எண் போட்டிருக்கார், ஏஜென்ட் வேற சொல்றார். யாரை நம்புவது?"

இருவரிடமும் காரணம் கேளுங்கள். எந்தக் குறிப்பின்படி, எந்த நார் விவரத்தின்படி என்று சொல்ல முடிந்தவரின் எண்தான் மதிக்கத்தக்கது. "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்பது காரணமே இல்லை. கிளியரிங் ஏஜென்ட் உங்கள் சார்பில் படிவம் நிரப்புகிறவர். சரக்கு என்ன என்பதை அவரிடம் சரியாகச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. ஒவ்வொரு வகையிலும் படம், லேபிள், நார்ச் சதவீதம், பின்னலா நெசவா என்ற விவரம், இவற்றை ஒரு தாளில் எழுதி அனுப்பினால் நல்ல ஏஜென்ட் மகிழ்ச்சியோடு வேலை செய்வார். ஆவணங்களை ஐந்து வருடம் பத்திரமாக வையுங்கள், சட்டம் கேட்கிறது.

"எல்லாத்துக்கும் 45 சதவீதம்தானே, எண் மாறினால் என்ன?"

வரி மாறாவிட்டாலும் தவறான எண் என்பது தவறான அறிவிப்பு. அதற்கு அபராதம் உண்டு. சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டால் தீபாவளி போய்விடும். ஒரே எண்ணில் எல்லாவற்றையும் கொட்டிய பில்தான் பரிசோதனைக்கு முதலில் இழுக்கப்படும். எந்த நாட்டில் செய்தது என்ற சலுகை விதியும் எண்ணை வைத்துத்தான் பார்க்கப்படுகிறது.

"துபாயில் வாங்கினால் வரி குறையுமா? மொரிஷியஸிலிருந்து வந்தால்?"

எங்கே வாங்கினீர்கள் என்பது முக்கியமில்லை, எங்கே செய்தது என்பதுதான். சூரத்தில் தைத்ததை துபாயில் வாங்கினாலும் அது இந்தியப் பொருள். தென்னாப்பிரிக்கா அடங்கிய சுங்க ஒன்றியத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே வரிச் சலுகை ஒப்பந்தம் இல்லை. ஆகவே முழு வரி.

மொரிஷியஸ், ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கின் உறுப்பு நாடு. அங்கே உண்மையிலேயே உற்பத்தியான ஆடை, எங்கே செய்தது என்று சொல்லும் மூலச் சான்றிதழோடு வந்தால் சுங்க வரி இல்லாமல் வரலாம். ஆனால் ஆடைக்கு இரண்டு படி வேலை நடந்திருக்க வேண்டும்: நூலைத் துணியாக்கி, துணியை ஆடையாக்கி. இந்தியத் துணியை அங்கே கொண்டுபோய்த் தைத்தால் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தோடும் பிரிட்டனோடும் ஒப்பந்தங்கள் உண்டு. அவற்றிலும் மூல விதி இருக்கிறது.

எங்கே செய்தாலும், எந்த நாட்டில் செய்தது என்று ஆடையின் லேபிளில் இருக்க வேண்டும். இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. லேபிளை வெட்டிவிட்டு அனுப்பச் சொல்லாதீர்கள்.

"சென்னைக்குப் போய் சூட்கேஸில் கொண்டுவந்தால்? ஆன்லைனில் ஒண்ணு ரெண்டு வரவழைச்சால்?"

48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் பயணிக்கு 5,000 ராண்ட் வரை சொந்தப் பொருளுக்கு வரி இல்லை. அடுத்த 20,000 ராண்டுக்கு ஒரே விகிதமாக 20 சதவீதம். சொந்த உபயோகத்துக்கும் பரிசுக்கும் மட்டும்தான் இந்தச் சலுகை. ஒரே மாதிரி இருபது புடவை, ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு என்று இருந்தால் அது வியாபாரச் சரக்கு, முழு வரி கட்ட வேண்டும். சிவப்பு வழியில் போய் அறிவித்துவிடுவதே மரியாதை.

ஆன்லைன் சிறு பொட்டலங்களில் 500 ராண்டுக்குக் கீழே இருந்தால் 20 சதவீதம் மட்டும் கட்டி, வாட் இல்லாமல் வாங்கிய காலம் போய்விட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் அவற்றுக்கும் வாட் உண்டு. வியாபாரத்துக்கு என்றால் மேலே சொன்ன முழுக் கணக்கையே போட்டு விலை வையுங்கள்.

"பழைய புடவைகளை மொத்தமா வரவழைச்சு விற்கலாமா?"

உடுத்திய தடம் கண்ணுக்குத் தெரிந்து, மூட்டையாகவோ பேலாகவோ வந்தால் அது 6309. இதற்கு ஐடாக் என்ற வாணிப நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். அனுமதி கையில் வராமல் சரக்கைக் கப்பலில் ஏற்றாதீர்கள். வந்து சேர்ந்த பிறகு அனுமதி கேட்பது சரக்கைத் தொலைக்கும் வழி.

"பில்லில் விலையைக் குறைச்சுப் போட்டுத் தர்றேன்னு மொத்த வியாபாரி சொல்றார்..."

வேண்டாம். அது வரி ஏய்ப்பு. ஒவ்வொரு வகை ஆடைக்கும் வழக்கமான விலை என்னவென்று சார்ஸுக்குத் தெரியும். மிகக் குறைந்த விலையில் வந்தால் வங்கிப் பரிமாற்ற ஆவணத்தைக் கேட்பார்கள். பில்லில் ஒன்று, வங்கியில் ஒன்று என்றால் சரக்கோடு பேரும் போகும்.

"சரி, சந்தேகம் தீரவே இல்லைன்னா எங்கே கேட்கணும்? தப்பா போட்டுட்டா?"

சார்ஸிடம் டாரிஃப் தீர்மானம் கோரலாம். சுங்கச் சட்டத்தின் 47(9) பிரிவு அதற்கு இடம் தருகிறது. விண்ணப்பத்தோடு மாதிரி, படங்கள், நார்ச் சதவீதம், எப்படி உடுத்துவது என்ற விளக்கம், உங்கள் கருத்தில் எந்த எண், ஏன் என்று எழுதிக் கொடுங்கள். புடவைக்கு என்றால் இரண்டு முனைகளின் நெருக்கமான படமும், குஞ்சம் உண்டா, ஃபால்ஸ் உண்டா, ரவிக்கைத் துண்டு சேர்ந்திருக்கிறதா என்ற விவரமும் அவசியம். அதிகாரிக்குப் புடவை கட்டத் தெரியும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். தீர்மானம் அந்த மாதிரிக்குத்தான் பொருந்தும். அடுத்த வருடம் வேறு ஓரத்தோடு வந்தால் புதிதாகக் கேட்க வேண்டும்.

தீர்மானம் உங்களுக்குச் சரியென்று படாவிட்டால் உள்முறையீடு உண்டு, அதற்கப்பால் உயர் நீதிமன்றமும் உண்டு. ஏற்கெனவே போட்ட எண் தவறு என்று உங்களுக்கே தெரிந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வவுச்சர் ஆஃப் கரெக்ஷன் என்ற திருத்தப் படிவத்தை ஏஜென்ட் மூலம் உடனே போடுங்கள். வரி குறைவாகக் கட்டியிருந்தால் மீதியையும் அதோடு கட்டிவிடுங்கள். எச்.எஸ். பட்டியலின் அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அந்த வருடச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன் கையில் உள்ள எண்களை எல்லாம் புதிய அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.